புல்லுக்கும் ஒரு டிக்

2016-ல் நான் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் மூன்றாவது மாடியில் குடியிருந்தேன். குடியிருந்தேன் என்பது கொஞ்சம் அதிகம். ஒரு கட்டில், சுவரில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு சட்டை. பகலில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை. வேலை என்பதும் அதிகம்தான். ஏதாவது ஒரு கம்பெனியில் போய் உட்கார்ந்து, வவுச்சர் கட்டைப் பிரித்து, பில் இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா, தொகை சரியா என்று பார்த்துப் பச்சைப் பேனாவால் ஒரு டிக் போட வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு டிக். பி.காம். படித்த பாவத்துக்குப் பிராயச்சித்தம்.

ராத்திரி மேன்ஷனுக்குத் திரும்பினால் மறுபடியும் டிக். இது ஆப்பிரிக்காவுக்கு.

சிரிக்காதீர்கள். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரம் மொசாம்பிக் என்று ஒரு நாடு. அதன் நடுவில் கொரங்கோசா என்று ஒரு தேசியப் பூங்கா. சுமார் 4,000 சதுர கிலோமீட்டர். அங்கே மரங்களில் காமிராக்களைக் கட்டி வைத்திருந்தார்கள். எதிரே எது அசைந்தாலும் தானே 'க்ளிக்' என்று படம் எடுத்துக்கொள்ளும் காமிரா. இப்படி லட்சக்கணக்கில் படம் சேர்ந்துவிட்டது. எந்தப் படத்தில் என்ன மிருகம், எத்தனை, நிற்கிறதா, மேய்கிறதா, குட்டி உண்டா என்று குறித்து வைக்க ஆள் இல்லை. சம்பளம் கொடுத்து ஆள் வைத்தால் மிருகங்களுக்கு மிச்சமிருக்காது. அதனால் 2015-ல் அமெரிக்காவின் ஹோவர்டு ஹ்யூஸ் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் உதவியோடு, 'வைல்ட்கேம் கொரங்கோசா' என்ற பெயரில் படங்களை எல்லோருக்கும் திறந்து விட்டார்கள். உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரும் உட்கார்ந்து பார்த்துச் சொல்லலாம். பட்டம் வேண்டாம், பணம் வேண்டாம், விசா வேண்டாம்.

இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குக் கிடைக்குமா? வவுச்சருக்குப் பதில் படம். அவ்வளவுதான் வித்தியாசம்.

"என்னடா அது, ராத்திரி பன்னெண்டு மணிக்கு?" என்றான் பக்கத்துக் கட்டில். அவன் பெயர் இங்கே வேண்டாம். இன்றைக்கு நல்ல நிலைமையில் இருக்கிறான்.

"கொரங்கோசா."

"குரங்கு கோஷ்டியா?"

"குரங்கும் இருக்கு. பபூன். தூங்கு."

முதல் நாள் எனக்கு ஒரே ஆவேசம். சிங்கம் வரும், யானை வரும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். முதல் படம்: புல். இரண்டாவது படம்: புல். மூன்றாவது: அதே புல், சற்றே இடப்பக்கம் சாய்ந்து. காற்றில் புல் ஆடினால்கூட அந்தக் காமிராவுக்கு மிருகம்தான். வெயில் சூட்டில் கிளை அசைந்தாலும் மிருகம்தான். 'ஒன்றுமில்லை' என்று குறிக்க ஒரு பட்டன் உண்டு. முதல் ஒரு மணி நேரம் நான் செய்த தொண்டு, 'ஒன்றுமில்லை' என்று சொன்னதுதான். ஒரு வருஷம் ஆடிட் செய்தும் அத்தனை தைரியமாக அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை.

அப்புறம் ஒரு மான். மூக்கு ஈரமாக, பின்பக்கத்தில் வெள்ளை வளையத்தோடு. வாட்டர்பக் என்று பெயர். அதற்கப்புறம் வாட்டர்பக். அதற்கப்புறமும் வாட்டர்பக். நடுநடுவே வார்த்தாக் எனப்படும் கொம்புப்பல் காட்டுப்பன்றி, வாலை ஆன்டெனா மாதிரி தூக்கிக்கொண்டு. மறுபடியும் வாட்டர்பக்.

ஒரு காட்டில் ஒரே ஜாதி மான் இத்தனை இருந்தால் ஏதோ கோளாறு என்று பி.காம். படித்தவனுக்கே தோன்றும். ஒரு கம்பெனியில் எல்லா பில்லும் ஒரே கடையிலிருந்து வந்தால் தோன்றுவதில்லையா, அது மாதிரி. துருவிப் பார்த்தேன்.

* * *

கொரங்கோசா 1960-ல் போர்ச்சுக்கீசியர் ஆட்சியில் தேசியப் பூங்கா ஆனது. எழுபதுகளின் தொடக்கத்தில் விமானத்திலிருந்து எண்ணியபோது காட்டெருமைகள் மட்டும் சுமார் 14,000. யானைகள் 2,500 சொச்சம். 1975-ல் நாட்டுக்குச் சுதந்திரம். 1977-ல் உள்நாட்டுப் போர். அரசாங்கப் படை ஒரு பக்கம், ரெனாமோ என்ற எதிர்ப்படை ஒரு பக்கம். எதிர்ப்படையின் தலைமை முகாம் பூங்காவுக்குப் பக்கத்திலேயே. 1981 டிசம்பரில் சிட்டெங்கோ என்ற பூங்காவின் தலைமையிடம் தாக்கப்பட்டது. ஊழியர்களைக் கடத்திக்கொண்டு போனார்கள். 1983-ல் பூங்காவுக்குப் பூட்டு.

காட்டுக்குப் பூட்டு போட முடியுமா? சண்டை உள்ளேயே நடந்தது. சிப்பாய்களுக்குச் சோறு வேண்டும். காட்டெருமையும் வரிக்குதிரையும் சோறாயின. துப்பாக்கிக்குத் தோட்டா வேண்டும். யானைத் தந்தம் தோட்டாவாயிற்று. 1992-ல் சமாதானம் வந்த பிறகும் கொஞ்ச காலம் வேட்டை ஓயவில்லை, தடுக்க ஆளே இல்லாததால். 2000-ல் யானைகள் 250-க்கும் கீழே. காட்டெருமை, வரிக்குதிரை, சிங்கம் எல்லாம் விரல்விட்டு எண்ணும் அளவில்.

இதில் ஒரு விஷயம் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. தந்தத்துக்காகச் சுட்டதால், பிறவியிலேயே தந்தம் முளைக்காத பெண் யானைகள் தப்பித்தன. போருக்கு முன் பெண் யானைகளில் நூற்றுக்குப் பதினெட்டரைதான் அந்த ரகம். போருக்குப் பின் ஐம்பது சொச்சம். தப்பித்த அம்மாக்கள் அந்தக் குணத்தை மகள்களுக்கும் கொடுத்தார்கள். 2021-ல் 'சயின்ஸ்' பத்திரிகையில் வந்த ஆய்வு இது. மகன்களுக்கு? அந்த மரபணு போய்ச் சேர்ந்த ஆண் கருக்கள் பிழைப்பதில்லை என்று தெரிகிறது. மனிதன் பதினைந்து வருஷம் போட்ட சண்டை யானையின் ரத்தத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

வாட்டர்பக் கதை எதிர்ப்பதம். போட்டிக்கு எருமை இல்லை, பிடிக்கச் சிங்கம் இல்லை. புல்வெளி முழுக்க ஒருத்தருக்கே. போருக்கு முன் சில ஆயிரம் இருந்தது, 2018 கணக்கெடுப்பில் 50,000-த்தைத் தாண்டிவிட்டது. என் ராத்திரிகளை நிரப்பியவர்கள் இவர்களின் சொந்தபந்தம்.

* * *

இங்கே ஒரு பணக்காரர் வருகிறார். கிரெக் கார், அமெரிக்கர். 1986-ல் கூட்டாளி ஒருவருடன் கம்பெனி ஆரம்பித்து, டெலிபோன் கம்பெனிகளுக்கு வாய்ஸ்மெயில் விற்றவர். நாம் போன் எடுக்காவிட்டால் 'பீப் சத்தத்துக்குப் பிறகு பேசவும்' என்று வருமே, அது. உலகத்தில் யாரும் போன் எடுக்காததால் ஒருவர் கோடீஸ்வரர் ஆனார். நாற்பது வயதுக்குள் வியாபாரம் போதும் என்று விலகி, 2004-ல் கொரங்கோசாவைப் பார்த்தார். விட மனசில்லை. 2008-ல் மொசாம்பிக் அரசாங்கத்துடன் 20 வருட ஒப்பந்தம்: பூங்காவை இருவரும் சேர்ந்து நடத்துவது. முப்பது வருஷத்தில் 4 கோடி டாலர் தருவதாகச் சொன்னார். 2018-ல் இன்னும் 25 வருஷத்துக்கு நீட்டித்தார்கள்.

ஆரம்பத்தில் நடந்த ஒரு சம்பவம். கொரங்கோசா மலை அந்த மக்களுக்குப் புனிதமானது. மலைப் பூசாரியின் ஆசியைக் கேட்க ஹெலிகாப்டரில் போய் இறங்கினார் கார். பூசாரி மாட்டேன் என்று சொல்லிவிட்டார். காரணங்களில் ஒன்று, ஹெலிகாப்டர் சிவப்பு. அங்கே சிவப்பு ரத்தத்தின் நிறம். நாலு கோடி டாலரைக் கையில் வைத்துக்கொண்டு பெயின்ட் கலரில் கோட்டை விட்ட கதை.

சரி, அந்தப் பணத்தை என்ன செய்தார்கள்? எனக்கு இதில்தான் ருசி. மற்றவர்கள் யானையைப் பார்ப்பார்கள். நான் லெட்ஜரைப் பார்ப்பேன்.

நம் ஊர்க் கோயில்களில் டியூப்லைட்டைப் பார்த்திருப்பீர்கள். லைட்டையே மறைக்கிற மாதிரி 'உபயம்: இன்னார்' என்று பெரிய எழுத்தில். டியூப்லைட்டுக்கு உபயதாரர் உண்டு, ஃபேனுக்கு உண்டு, பெஞ்சுக்கு உண்டு. அந்த டியூப்லைட்டுக்கு மாசாமாசம் வரும் கரண்ட் பில்லுக்கு எங்கேயாவது உபயம் பார்த்திருக்கிறீர்களா? பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள்: மூலதனச் செலவு வேறு, வருவாய்ச் செலவு வேறு. தர்மம் செய்பவர்கள் எல்லோருக்கும் முதலாவதுதான் பிடிக்கும். காட்டுப் பூங்காவைத் தின்பது இரண்டாவது.

2006-ல் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவிலிருந்து 54 காட்டெருமைகளை லாரியில் கொண்டுவந்தார்கள். அது மூலதனச் செலவு. போட்டோ எடுக்கலாம், கை தட்டலாம். மேய ஆள் இல்லாமல் ஆளுயரத்துக்கு வளர்ந்து காய்ந்து தீப்பிடிக்கிற புல்லை அவைதான் வெட்ட வேண்டும். அடுத்த வருஷம் வைல்டபீஸ்ட். 2018-ல் காட்டுநாய்கள் பதினாலு. எல்லாம் சரி. வந்திறங்கிய எருமையை மறுநாள் யார் காப்பாற்றுவது? அதற்கு வேலி வேண்டும், வேலியைச் சுற்றி நடக்க ஆள் வேண்டும். ரேஞ்சர் என்கிற அந்த ஆளுக்குச் சம்பளம், பூட்ஸ், ரேடியோ, மலேரியா மாத்திரை, ஜீப்புக்கு டீசல், டயர். மழைக்காலத்தில் பாதை மூழ்கினால் மறுபடியும் பாதை. இதெல்லாம் ஒரு மாசம் கொடுத்து அடுத்த மாசம் நிறுத்துகிற சமாசாரம் இல்லை.

அந்த ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்றால், முக்கியமாகக் குனிந்து பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள். தரையில் கம்பிச் சுருக்கு இருக்கும். அதைவிட மோசம், இரும்புப் பல் வைத்த பொறி. பழைய லாரிகளின் ஸ்ப்ரிங் பட்டையை அடித்துச் செய்வது. பன்றிக்கு வைத்ததில் சிங்கம் காலை வைக்கும். ஆயிரக்கணக்கில் பொறுக்கியிருக்கிறார்கள். ஒரு பொறியை எடுத்ததால் எந்தச் சிங்கம் பிழைத்தது என்று யாருக்கும் தெரியாது. அதனால் அதற்கு உபயம் போர்டும் கிடையாது.

இன்னொன்று. போர் முடிந்ததும் 1994 வாக்கில் பூங்காவைத் திரும்ப எழுப்ப எடுத்த முதல் ஐம்பது பேரில் பெரும்பாலோர் பழைய சிப்பாய்கள். எந்தக் காட்டில் சண்டை நடந்ததோ அந்தக் காட்டைக் காவல் காக்க. அந்தச் சம்பளப் பட்டியலை மட்டும் நேரில் பார்க்கக் கிடைத்தால் ஒரு டிக்கூட போடாமல் கும்பிட்டிருப்பேன்.

* * *

இதற்குள் பக்கத்துக் கட்டிலுக்கு ஆப்பிரிக்க ஜுரம் பிடித்துவிட்டது. தினமும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்ததன் விளைவு. ஆனால் புல் பார்க்க அவனுக்குப் பொறுமை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தான்.

"மச்சி, இதப் பாரு. இதான்டா தொண்டு!"

தென்னாப்பிரிக்காவில் ஒரு முகாம். பெயர் வேண்டாம். படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண், மடியில் சிங்கக்குட்டி, குட்டியின் வாயில் பால் புட்டி. 'தாயை இழந்த குட்டிகளுக்குத் தாயாக இருங்கள்'. இரண்டு வாரம். அவன் சேர்த்து வைத்திருந்த ஒண்ணரை லட்சத்தில் விமான டிக்கெட் போக அப்படியே சரியாக வரும். முடிவில் சர்ட்டிபிகேட் வேறு.

"எப்பப் பார்த்தாலும் நாலஞ்சு குட்டி இருக்குமாம்டா. எப்பப் போனாலும் கிடைக்கும்னு போட்டிருக்கான்."

எனக்கு ஆடிட் மூளை விழித்துக்கொண்டது. வருஷம் முழுக்க, எப்போது போனாலும், ஒரே வயசில், தாயில்லாத குட்டிகள் ஸ்டாக் இருக்கிறதென்றால் அது அனாதை இல்லை, உற்பத்தி.

தேடினோம். 2015-ல் 'ப்ளட் லயன்ஸ்' என்றொரு டாக்குமென்டரிப் படமே வந்திருந்தது. விஷயம் இதுதான். இந்த மாதிரிப் பண்ணைகள் பலவற்றில் குட்டி பிறந்த சில நாளிலேயே தாயிடமிருந்து பிரித்துவிடுவார்கள். பிரித்தால்தான் தாய் சீக்கிரம் மறுபடி குட்டி போடும். குட்டிக்குப் பால் கொடுக்கத் தொண்டர்கள் காசு கொடுத்து வருவார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் 'சிங்கத்தோடு வாக்கிங்' என்று டூரிஸ்ட்டுகள் காசு கொடுப்பார்கள். முழுசாக வளர்ந்ததும் வேலி போட்ட மைதானத்தில் விட்டு, சுடுவதற்கு ஒருவர் காசு கொடுப்பார். மனிதன் கையால் பால் குடித்து வளர்ந்தது ஓடாது. மிச்சம் எலும்பு, அதற்கும் ஆசியாவில் விலை. 2017-ல் தென்னாப்பிரிக்க அரசே 800 சிங்க எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்ய அதிகாரபூர்வமாக அனுமதி தந்தது. காட்டில் கொண்டுபோய் விடலாமே என்றால், கையில் வளர்த்த சிங்கத்தை விட முடியாது. அதற்கு மனிதனிடம் பயம் இல்லை, வேட்டையும் தெரியாது.

ஒரே சரக்கில் நாலு தடவை லாபம். காஸ்ட் அக்கவுன்டன்ஸி பரீட்சையில் இப்படி ஒரு கணக்கு கொடுத்தால் நானே பாஸாகியிருப்பேன்.

எல்லா முகாமும் இப்படி என்று சொல்லவில்லை. உண்மையான சரணாலயங்கள் உண்டு. அங்கே குட்டியை யாரும் தொட விடமாட்டார்கள், இனப்பெருக்கமும் செய்யமாட்டார்கள். அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். 2021-ல் அந்நாட்டு அரசு அமைத்த நிபுணர் குழு, கூண்டில் சிங்கம் வளர்க்கும் தொழிலையே நிறுத்தச் சொன்னது. அரசும் கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. கூண்டில் வளர்ந்து நிற்கும் ஆயிரக்கணக்கான சிங்கங்களை என்ன செய்வது என்பது இன்னொரு தலைவலி.

பக்கத்துக் கட்டில் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பொண்ணுக்கு இது தெரியுமாடா?" என்றான், படத்தைக் காட்டி.

"தெரிஞ்சிருக்காது."

"பாசமாத்தானே வெச்சிருக்கா."

எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு வாரம் பாசமாக வைத்துக்கொள்ள முன்கூட்டியே பணம் கட்டியிருக்கிறாள். அந்தப் பணத்தில்தான் அடுத்த குட்டி பிறக்கிறது.

* * *

கொரங்கோசாவில் மிருகத்தைத் தொடுகிற வேலை வெளியாளுக்கு இல்லை. எண்ணுகிற வேலைதான். எண்ணி என்ன ஆகப்போகிறது என்று எனக்கே பல ராத்திரி தோன்றியிருக்கிறது. ஒரு படத்தை என்னைப்போல் பல பேர் பார்ப்பார்கள். நான் பன்றி என்பேன், பிரேசிலில் ஒருத்தர் பன்றி என்பார், யாரோ ஒரு தூக்கக் கலக்கக்காரர் யானை என்பார். மெஜாரிட்டிதான் தீர்ப்பு. இதே முறையில் தான்சானியாவின் செரெங்கெட்டிப் படங்களைப் பொதுமக்கள் பார்த்துச் சொன்னதை நிபுணர்களோடு ஒப்பிட்டபோது நூற்றுக்குத் தொண்ணூற்றாறுக்கு மேல் சரி. என் ஆபீஸில் மூன்று பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பாலன்ஸ் ஷீட்டுக்கு அந்த கியாரன்டி கிடையாது.

எந்த மிருகம் எங்கே, எந்த நேரத்தில் நடமாடுகிறது என்று தெரிவதன் பலன் என்ன என்பதற்கு அந்தக் காட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. புஷ்பக் என்று ஒரு மான், கூச்ச சுபாவி. புதரை விட்டு வெளியே வராது. சிறுத்தை பயம். போருக்குப் பின் கொரங்கோசாவில் சிறுத்தை இல்லாமல் போனதும் இவர்கள் ஹாயாகத் திறந்த வெளிக்கு வந்து மேய ஆரம்பித்துவிட்டார்கள். ஆராய்ச்சியாளர்கள் என்ன செய்தார்கள்? ஒலிபெருக்கியில் சிறுத்தை உறுமலைப் போட்டுவிட்டார்கள். மிருகத்தின் வாடையையும் வைத்தார்கள். அவ்வளவுதான், மான்கள் மறுபடி புதருக்குள். 2019-ல் வெளிவந்த ஆய்வு.

இதற்கு 'சயின்ஸ்' பத்திரிகை வேண்டுமா? மேனேஜர் லீவில் இருக்கும் ஆபீஸைப் பார்த்தவர்களுக்குத் தெரியாதா? டேபிளுக்கு மேல் கால், கான்டீனில் கூட்டம். திடீரென்று காரிடாரில் அவர் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டால் போதும். எங்கள் ஆபீஸில் ஒருத்தன் அந்தச் சத்தத்தை நன்றாகவே மிமிக்ரி செய்வான்.

ஆனால் இதிலிருந்து பூங்காக்காரர்களுக்குத் தெரிந்தது விளையாட்டில்லை. எருமையைத் திருப்பிக் கொண்டுவந்தால் போதாது, பயத்தையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும். காட்டுநாய், சிறுத்தை, கழுதைப்புலி என்று ஒவ்வொன்றாக வந்தது அதனால்தான்.

* * *

பூங்காவைச் சுற்றி சுமார் இரண்டு லட்சம் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் மக்காச்சோளம் போடும் ஏழைகள். சுருக்கு வைப்பவர்களும் இவர்களில் சிலர்தான். கெட்டவர்கள் என்பதால் அல்ல, குழம்புக்கு இறைச்சி வேண்டும் என்பதால். 2010-ல் மலையின் மேல்பகுதியைப் பூங்காவோடு சேர்த்தபோது, அங்கே காட்டை வெட்டி விவசாயம் செய்தவர்கள் எங்கே போவது என்ற கேள்வி வந்தது. ஒரு வெளிநாட்டுப் பணக்காரர் வந்து எது காடு, எது வயல் என்று கோடு போடலாமா? ஸ்டெஃபனி ஹேன்ஸ் என்ற பத்திரிகையாளர் 2017-ல் 'ஒயிட் மேன்ஸ் கேம்' என்று ஒரு புத்தகமே எழுதிக் கேட்டார். நியாயமான கேள்வி. காட்டைக் காப்பாற்றுகிறோம் என்று வெள்ளைக்காரர்கள் ஆப்பிரிக்காவில் கோடு போட்ட சரித்திரம் அத்தனை அழகாக இல்லை.

பதிலுக்கு அவர்கள் பூங்காப் பணத்தைப் பூங்காவுக்கு வெளியே செலவு செய்ய ஆரம்பித்தார்கள். இது எனக்குப் பிடித்த ஓட்டை. சுகாதார ஊழியர்கள், பள்ளிக்கூடத்திலிருந்து கல்யாணத்துக்கு இழுத்துப் போகாமல் தடுக்கப் பெண் பிள்ளைகளுக்குச் சங்கங்கள், மொசாம்பிக் மாணவர்கள் காட்டிலேயே தங்கிப் படிக்க ஒரு முதுகலைப் படிப்பு. மலையில் காப்பி. காப்பிச் செடிக்கு நிழல் வேண்டும், நிழலுக்கு மரம் வேண்டும், ஆகவே விவசாயியே மரம் நடுகிறார். நட்டு மூன்று வருஷம் ஆகும் பறிக்க. அந்த மூன்று வருஷத்தில் மறுபடியும் அரசாங்கத்துக்கும் ரெனாமோவுக்கும் மலைப்பக்கம் சண்டை மூண்டது. செடி சண்டைக்குக் காத்திருக்காது, அவர்களும் விடவில்லை. 2019 மார்ச்சில் இடாய் புயல் அடித்து அந்தப் பிரதேசமே தண்ணீரில் மிதந்தபோது, வேட்டையைத் தடுக்கிற அதே ரேஞ்சர்கள் சாப்பாட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாக நடந்தார்கள். அதே வருஷம் ஆகஸ்ட் முதல் தேதி அரசாங்கமும் ரெனாமோவும் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டது இந்தப் பூங்காவுக்குள்தான்.

ஆனால் ஒரு ஆடிட்டராக (ஆகாமல் போனவனாக) எனக்கு உறுத்துவது ஒன்று. டூரிஸ்ட் வருமானத்தில் இந்தக் குடும்பம் நடக்காது. சண்டை, புயல், கொரோனா என்று வரிசையாக வந்தால் எந்த டூரிஸ்ட் வருவான்? கார் ஒரு கை, நார்வே அரசு ஒரு கை, அமெரிக்காவின் யு.எஸ்.எய்ட் ஒரு கை என்று பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2025 ஜூலையில் யு.எஸ்.எய்ட் என்ற நிறுவனமே மூடப்பட்டது. வாஷிங்டனில் யாரோ போட்ட ஒரு கையெழுத்து. கொரங்கோசாவில் புல்லுக்கும் பொறிக்கும் அது தெரியாது.

* * *

பக்கத்துக் கட்டில் தென்னாப்பிரிக்கா போகவில்லை. "சரி, நான் என்னதான்டா பண்றது?" என்றான். மாசம் பத்து டாலர் அனுப்பு என்றேன். அன்றைய ரேட்டில் எழுநூறு ரூபாய்க்குள். எதற்கு என்று குறிப்பிடாதே, யானைக்கு என்று எழுதாதே. டீசலுக்கோ டயருக்கோ அவர்கள் இஷ்டம்.

"டயருக்கா? நான் டயருக்கா தர்மம் பண்றேன்?"

"ஆமா. சர்ட்டிபிகேட்டும் கிடையாது."

முணுமுணுத்துக்கொண்டே கிரெடிட் கார்டை எடுத்தான். ஐந்து மாசம் ஒழுங்காக அனுப்பினான். ஆறாவது மாசம் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மண்டபத்துக்கு அட்வான்ஸ், பத்திரிகை அச்சடிக்க அட்வான்ஸ். பத்து டாலர் நின்றது. குறை சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. அந்த வருஷக் கடைசியில் ஆடிட் வேலையை விட்டேன். பகல் டிக் நின்றதும் ராத்திரி டிக்கும் நின்றுவிட்டது.

என் கணக்கில் கடைசியாக இருந்த படம் ஞாபகம் இருக்கிறது. ராத்திரி நேரப் படம், கறுப்பு வெள்ளை. ஓரத்தில் ஒரு பெரிய சாம்பல் நிறச் சுவர். ரொம்ப நேரம் பார்த்த பிறகுதான் அது யானையின் விலா என்று புரிந்தது. முகம் படத்துக்கு வெளியே இருந்ததால் தந்தம் உண்டா இல்லையா தெரியவில்லை. 'யானை, ஒன்று, நிற்கிறது' என்று குறித்தேன்.

போன மாசம் அவன் கோயமுத்தூரிலிருந்து போன் செய்தான். நான் எடுக்கவில்லை, பிறகு நானே கூப்பிட்டேன். பெண்ணை ஸ்கூலில் சேர்த்தது, வீட்டு லோன், சர்க்கரை லேசாக எட்டிப் பார்ப்பது எல்லாம் பேசிவிட்டு, வைக்கப்போகும் நேரத்தில் கேட்டான்.

"அந்த டயரு விவகாரம்... மறுபடி அனுப்பணும்னா அதே கார்டு வேலை செய்யுமாடா?"

"காலாவதி ஆயிருக்கும். புது கார்டு நம்பர் போடணும்."

"மாசம் எவ்வளவு ஆவும் இப்ப?"

"எண்ணூத்தம்பதுக்கு மேல."

"ஏறிடுச்சே" என்றான். பக்கத்தில் குழந்தை எதற்கோ அழுதது. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டான்.